ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்? - ஒரு பழைய கண்டக்டரின் கேள்வி பதில் பக்கம்

வாசகர்களுக்கு வணக்கம். சென்னை மாநகரப் பேருந்தில் 31 வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் 26 வருஷம் பெரம்பூர் - பெசன்ட் நகர் 29சி. "வார இறுதியில் சென்னையில் என்ன செய்யலாம் என்று இவரிடம் கேளுங்கள்" என்று போன இதழில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. கடிதங்கள் நான் நினைத்ததைவிட அதிகம். மார்கழி பிறக்கப் போகிறது. வெயில் தணிந்த இந்த மூன்று நான்கு மாதம்தான் சென்னைக்கே நல்ல காலம். அதனால் மார்கழியிலிருந்து பங்குனி வரை உதவக்கூடிய கேள்விகளாகப் பொறுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு எட்டு வயதில் பையன், ஐந்து வயதில் பெண். ஞாயிறு வெளியே கிளம்பினால் ஆயிரம் ரூபாய் கரைகிறது. பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள், நான் தலைவலியோடு வீடு திரும்புகிறேன். மியூசியம், மெரினா, தி.நகர் மூன்றையும் ஒரே நாளில் முடிக்க ஒரு திட்டம் சொல்லுங்களேன்.
*- வாசகி, பல்லாவரம்*

அம்மா, மூன்று வேண்டாம். ஒன்று போதும். ஞாயிறு சாயங்கால ட்ரிப்பில் ஏறுகிற குடும்பங்களை வருஷக்கணக்காகப் பார்த்தவன் நான். மூன்று இடம் சுற்றியவர்களின் பிள்ளைகள் ஏறும்போதே அழும். ஒரே இடத்தில் இருந்துவிட்டு வருகிற பிள்ளைகள்தான் அங்கே பார்த்ததைப் பற்றி அம்மாவிடம் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே வரும்.

உங்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் சரியாக இருக்கும். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கிப் பாந்தியன் சாலைக்கு நடந்துவிடலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, சனி ஞாயிறு திறந்திருக்கும். 1851ல் தொடங்கிய இடம் அது. எல்லாக் கட்டடத்தையும் பார்க்க ஒரு நாள் போதாது, பார்க்கவும் முயலாதீர்கள். போவதற்கு முந்தைய இரவே மூன்று பொருளை மட்டும் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வையுங்கள்.

முதலாவது, திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. ஐந்து வயதுப் பெண்ணுக்கு அது ஒன்றே போதும், அதன் கீழே நின்று வாய் பிளந்து பார்ப்பாள்.

இரண்டாவது, வெண்கலச் சிலைக் கூடத்தில் இருக்கிற திருவாலங்காடு நடராஜர். மற்ற சிலைகளைத் தாண்டி நேராக அங்கே போய் நில்லுங்கள். தூக்கிய கால், நெருப்பு ஏந்திய கை, காலடியில் மிதிபடுகிற அசுரன் முயலகன் என்று ஒவ்வொன்றாகப் பையனே கண்டுபிடிக்கட்டும். நாம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

மூன்றாவதை உங்களுக்காகவே சொல்கிறேன். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் உங்கள் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது உலகத்துக்குத் தெரியவந்ததே அந்தக் கல்லால்தான். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த கல்லாயுதங்களை 1904ல் இந்த அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கியது. கல்லாயுதங்கள் இருக்கிற கூடத்தில் பையனை நிறுத்தி, "இந்தக் கதை நம்ம ஊரில்தான் ஆரம்பிச்சது" என்று சொல்லிப் பாருங்கள். திரும்பி வந்து பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கும்போது அவன் கண் தரையில்தான் இருக்கும்.

எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போங்கள். வெளியே வந்து மர நிழலாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு ரயில் ஏறிவிடுங்கள். அங்கே இருக்கிற அமராவதி பௌத்தச் சிற்பங்கள் அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

கேள்வி: இரண்டு இதழுக்கு முன் நீங்கள் எழுதிய கட்டுரையில், மாலுக்குப் போவதை வார இறுதி என்று சொல்ல முடியாது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாதம் பிள்ளைகளை ஏசியில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்க எங்களுக்கு வேறு வழி எது?
*- வாசகர், சைதாப்பேட்டை*

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் எழுதியது தவறு. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். வெயிலுக்கு ஒதுங்க வருகிறவரைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லாத ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010 செப்டம்பர் 15 அன்று திறந்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை, முழுக்கக் குளிர்சாதன வசதி. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய செயற்கை மரம், அதைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கலாம். எதையும் வாங்கச் சொல்லி யாரும் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே இடம் உண்டு. என் டிப்போவில் வேலை செய்த ஒரு டிரைவரின் மகள் அந்த இடத்தில் உட்கார்ந்து படித்துத்தான் அரசு வேலைக்குப் போனாள். அதனால் எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் தனிப் பாசம்.

கேள்வி: ஊர் பாவூர்சத்திரம். பெருங்குடியில் மென்பொருள் கம்பெனியில் வேலை, ஆண்கள் விடுதியில் தங்கியிருக்கிறேன். சனிக்கிழமை துணி துவைத்து முடித்தால், ஞாயிறு முழுக்கத் தூக்கமும் போனும்தான். இரண்டு வருஷமாகச் சென்னையில் இருக்கிறேன், இந்த ஊரே எனக்குத் தெரியாது. தனியாக எங்கே போவது?
*- வாசகர், பெருங்குடி*

தம்பி, உங்கள் விடுதிக்குப் பக்கத்திலேயே பறக்கும் ரயில் ஸ்டேஷன் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்குள் அதில் ஏறிக் கடைசி நிறுத்தமான கடற்கரை வரை டிக்கெட் எடுங்கள். சன்னலோரமாக உட்காருங்கள். நீங்கள் வேலை பார்க்கிற ஊரை மேலிருந்து பார்த்தபடியே போகலாம். பக்கிங்காம் கால்வாய் கூடவே வரும். அடையாற்றைத் தாண்டும்போது காலை வெளிச்சத்தில் தண்ணீரைக் கவனியுங்கள்.

கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் ஜார்ஜ் டவுன். மற்ற நாளில் மீன்பாடி வண்டிக்கும் மூட்டைக்கும் நடுவே நடக்கவே முடியாத இடம். ஞாயிறன்று மொத்த வியாபாரக் கடைகளெல்லாம் அடைத்திருப்பதால் கட்டடங்களை அண்ணாந்து பார்த்து நடக்கலாம். நேராக அரண்மனைக்காரத் தெருவுக்குப் போங்கள். ஆங்கிலத்தில் அது ஆர்மேனியன் தெரு. அங்கே 1772ல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம் இருக்கிறது. வாசல் சின்னது, கவனிக்காமல் போனால் தாண்டிவிடுவீர்கள். உள்ளே நுழைந்தால் தெருச் சத்தம் அப்படியே அடங்கிவிடும். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். தனியாக நிற்கிற கோபுரத்தில் ஆறு பெரிய மணிகள், ஞாயிறு காலையில் அடிப்பார்கள்.

அந்த வளாகத்தில் ஒரு பாதிரியாரின் கல்லறையைத் தேடிப் பாருங்கள். ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்பவர். உலகத்திலேயே ஆர்மேனிய மொழியின் முதல் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794ல் வெளிவந்தது இந்த மெட்ராஸிலிருந்துதான், அவர் கையால்தான். சொந்த நாட்டிலிருந்து அத்தனை தூரம் வந்து, நம்ம ஊரில் உட்கார்ந்து, தன் மொழிக்கு முதல் பத்திரிகை போட்ட மனிதர். பாவூர்சத்திரத்திலிருந்து வந்து இங்கே தனியாக இருக்கிற உங்களுக்கு அவரைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் புனித ஜார்ஜ் கோட்டைக்கு நடங்கள். 1680ல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயமும் அருங்காட்சியகமும் உள்ளே இருக்கின்றன. அடையாள அட்டை கையில் இருக்கட்டும், வாசலில் சோதிப்பார்கள். மதியம் எங்காவது சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் மறுபடி கடற்கரை ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் பக்கம் வந்தால் அத்தோ வண்டிகள் நிற்கும். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸ், முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். சாப்பிட்டு முடித்ததும் வண்டிக்காரரிடம் குடும்பம் எந்த வருஷம் வந்தது என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒருவர் அரைமணி நேரம் பேசினார். இரண்டு வருஷமாக உங்களுக்கு இல்லாதது இந்த மாதிரிப் பேச்சுதான் தம்பி.

அடுத்த ஞாயிறு அதே ரயிலில் ஏறித் திருவல்லிக்கேணியில் இறங்குங்கள். அங்கிருந்து எனக்கு எழுதுங்கள், மற்றதைச் சொல்கிறேன்.

கேள்வி: எனக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. ஆனால் ரேடியோவில் கேட்டால் மனசு நிற்கிறது. டிசம்பர் கச்சேரிகளுக்கு என்னைப் போன்றவர்கள் போகலாமா? டிக்கெட் விலையைக் கேட்டாலே பயமாக இருக்கிறது.
*- வாசகி, ஓட்டேரி*

கண்டிப்பாகப் போகலாம். சாயங்காலப் பெரிய கச்சேரிக்குத்தான் பெரிய டிக்கெட். பகலில் இளம் பாடகர்கள் பாடுகிற கச்சேரிக்குப் பல சபாக்களில் கட்டணமே கிடையாது. மியூசிக் அகாடமியில் காலை நேரம் நடக்கிற விளக்க உரைகளுக்கும் அப்படித்தான், போய் உட்கார்ந்துகொள்ளலாம். 1927ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1928ல் தொடங்கிய அகாடமி. நீங்கள் ஓட்டேரியில் 29சி ஏறினால் நேராக அங்கே போய் இறங்கலாம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் காசு இல்லை. ஆக உங்களுக்குச் செலவு, கேன்டீனில் ஒரு காபியும் ஒரு போண்டாவும்தான்.

எனக்கும் சங்கீதம் தெரியாது. டிசம்பர் மாதம் என் பஸ்ஸில் ஏறுகிற ரசிகர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டே ஆர்வம் வந்தது. ஒரு பெரியவர் தினமும் மயிலாப்பூர் லஸ்ஸில் ஏறுவார், கையில் நிகழ்ச்சிப் புத்தகம். ஒரு நாள் கேட்டேன்: "ஒண்ணுமே தெரியாதவன் எப்படி சார் கேக்கறது?" அவர் சொன்னார்: "வயலின்காரரைப் பாருங்க. பாடகர் என்ன பாடினாரோ அதை அவர் திருப்பி வாசிப்பார். அதை மட்டும் கவனியுங்க, ஒரு கச்சேரி போதும்." ஓய்வு பெற்ற வருஷம் அப்படியே செய்தேன். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு வார்த்தை இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுகிற ஓர் ஆலாபனை நடுவில், பாடகி விட்ட இடத்தை வயலின் அப்படியே தூக்கிக்கொண்டு போனது காதில் விழுந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

நான் சேர்த்துக்கொள்வது ஒன்றுதான். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் எழுந்து கேன்டீனுக்குப் போகும். நீங்கள் போகாதீர்கள். தாளத்தை விரலால் தொடையில் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருங்கள். ராகம் தெரியாதவர்களுக்கு அந்தப் பதினைந்து நிமிஷம்தான் உள்ளே நுழைகிற வாசல்.

சனி, ஞாயிறு விடியற்காலையில் எழ முடியுமானால் மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனையும் கேட்கலாம். குளிரில் கூடவே நடந்து வர யாரையும் யாரும் கூப்பிட வேண்டியதில்லை, சேர்ந்துகொள்ளலாம்.

கேள்வி: புத்தகக் காட்சிக்கு எந்த நேரம் போனால் கூட்டம் குறைவு?
*- வாசகர், ஆவடி*

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஜனவரியில் நடக்கும். 1977லிருந்து நடந்து வருகிற காட்சி. விடுமுறை நாளில் முற்பகலிலேயே திறந்துவிடுவார்கள், திறந்தவுடன் முதல் ஆளாகப் போங்கள். மதியம் இரண்டு மணிக்குள் வெளியே வந்துவிடலாம். வாங்க வேண்டிய பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், துணிப்பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு.

கேள்வி: செவிலியர் வேலை. பொங்கலுக்கு லீவு கிடைக்காது, ஊருக்குப் போக முடியாது. சென்னையில் பொங்கல் மாதிரி ஏதாவது உண்டா?
*- வாசகி, கீழ்ப்பாக்கம்*

இருக்கிறது அம்மா. பொங்கலை ஒட்டி அரசு நடத்துகிற சென்னை சங்கமம் விழா. 2007ல் தொடங்கி, இடையில் நின்று, 2023லிருந்து மறுபடி நடக்கிறது. பூங்கா, மைதானம், கடற்கரை என்று பல இடங்களில் சாயங்கால நேரத்தில் பறை, கரகாட்டம், ஒயிலாட்டம், தெருக்கூத்து எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் டியூட்டி பகலில் முடிந்தால் போதும். மேடைக்குப் பக்கத்தில், பறை அடிப்பவர்களுக்கு நேர் எதிரே நில்லுங்கள். பறைச் சத்தம் நெஞ்சில் வந்து அடிக்க வேண்டும், தூரத்தில் நின்றால் கிடைக்காது. ஊரிலிருந்து வந்த கலைஞர்கள் பேச்சுக் கொடுத்தால் பேசுவார்கள். உங்கள் மாவட்டத்துக்காரர் யாராவது நிச்சயம் இருப்பார்.

கேள்வி: என் கணவருக்குப் பக்கவாதம். சக்கர நாற்காலியில்தான் வெளியே வருவார். கல்யாணமான புதிதில் தினமும் மெரினாவில் அலையில் கால் நனைத்தவர்கள் நாங்கள். இப்போது சாலையிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்.
*- வாசகி, ராயப்பேட்டை*

அம்மா, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலின் மேல் மரப்பலகைப் பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்காகவே 2022 நவம்பரில் திறந்தது. அடுத்த மாதமே புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். சுமார் 260 மீட்டர் நீளம், சக்கர நாற்காலி தாராளமாகப் போகிற அகலம். கடலுக்கு வெகு அருகே கொண்டுபோய் விடும்.

ஞாயிறு மாலை வேண்டாம், கூட்டம் பாதையிலேயே நின்றுவிடும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போங்கள். சூரியன் கடலிலிருந்து எழுவதை அவர் நேருக்கு நேர் பார்க்கலாம். ஒரு சின்ன வாளி எடுத்துப் போங்கள். பாதை முடிகிற இடத்திலிருந்து யாரையாவது கேட்டால் கடல் தண்ணீர் கொண்டுவந்து தருவார்கள். அவர் கால்களை நனைத்துவிடுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிற மகள், ராத்திரி பூரா கடற்கரையில் நடந்து ஆமை பார்க்கப் போகிறேன் என்கிறாள். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? பயமில்லாமல் அனுப்பலாமா? ஆறு வயது மகனும் கூட வருவேன் என்று அடம் பிடிக்கிறான்.
*- வாசகி, கொளத்தூர்*

உண்மையாகவே இருக்கிறது. மகளை அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் போங்கள். சென்னையில் ஒரு வார இறுதியில் செய்யக்கூடியவற்றில் இதற்கு இணையானது எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்கிற கடலாமை, ஜனவரியிலிருந்து பங்குனி வரை நம் கரையில் ஏறி முட்டையிடும். 1988லிருந்து கல்லூரி மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, அந்த மாதங்களில் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துப் போகிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

போன பிப்ரவரியில் என் பேத்தி என்னை இழுத்துக்கொண்டு போனாள். இரவு பதினொரு மணிக்கு மேல் நீலாங்கரை மணலில் உட்கார வைத்து, ஆமையைப் பற்றி எல்லாம் சொன்னார்கள். டார்ச் கூடாது, போன் வெளிச்சம் கூடாது. பிறகு பெசன்ட் நகரை நோக்கி நடை, ஏழு கிலோமீட்டர். கூட்டத்தில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். முன்னால் ஒரு மாணவர், கடைசியில் ஒரு மாணவி என்று யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் பயத்துக்கு இதுதான் பதில்.

ஒன்றரை மணி இருக்கும், முன்னால் போன பையன் கையைத் தூக்கினான். அலை ஓரத்திலிருந்து மேலே லாரி டயர் போன மாதிரி ஒரு தடம். ஆமை வந்து முட்டையிட்டுத் திரும்பிப் போயிருந்தது. ஒரு குச்சியால் மெல்ல அழுத்திப் பார்த்து, மணல் இளகிய இடத்தில் கையால் தோண்டினார்கள். ஒன்றரை அடி ஆழத்தில், பானை போன்ற குழியில், டேபிள் டென்னிஸ் பந்து அளவில் முட்டைகள். "தாத்தா, நீங்க எண்ணுங்க" என்றார்கள். எண்ணிப் பழக்கப்பட்ட கைதானே. நூற்றுப் பதினாறு.

அங்கேயே விட்டால் நாய் தின்றுவிடும். தப்பிப் பொரித்தாலும், குஞ்சுகள் வெளிச்சம் தெரிகிற பக்கம்தான் போகும். ஒரு காலத்தில் இரவில் கடல்தான் வெளிச்சமான பக்கம். இப்போது தெருவிளக்கை நோக்கிப் போய்ச் செத்துவிடுகின்றன. அதனால்தான் பெசன்ட் நகர் காப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் அதே வடிவத்தில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விடியற்காலை நாலு மணி. ஆமை கண்ணில் படவில்லை. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை.

மகனை அந்த நடைக்கு அனுப்பாதீர்கள், மணலில் ஏழு கிலோமீட்டர் பெரியவர்களுக்கே கால் விட்டுப்போகும். மார்ச், ஏப்ரலில் ஒரு சாயங்காலம் பெசன்ட் நகர் காப்பகத்துக்கு அழைத்து வாருங்கள். முட்டையிட்டு நாற்பத்தைந்து நாளிலிருந்து அறுபது நாளுக்குள் குஞ்சுகள் மணலைப் பிளந்துகொண்டு வரும். பொரித்த நாளில் அவற்றை அலை ஓரத்தில் விடுவார்கள், சுற்றி நின்று பார்க்கலாம். கையில் எடுக்கக் கூடாது, வழியில் நிற்கக் கூடாது, ஃபிளாஷ் கூடாது. இந்த மூன்றையும் வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

26 வருஷம் ஒரு நாளைக்குப் பல முறை பெசன்ட் நகர் டெர்மினஸில் இறங்கியிருக்கிறேன். வண்டி திரும்ப எடுக்கப் பத்து நிமிஷம் இருக்கும். டீ குடிப்பேன், காசை எண்ணுவேன், விசில் கொடுத்துவிடுவேன். நடக்கிற தூரத்தில் இது நடந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் ஏப்ரலில்தான் பேத்தியோடு முதல் முறையாக அந்தச் சாயங்காலத்தைப் பார்த்தேன். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுகள், ஒவ்வோர் அலையும் பின்னால் தள்ளத் தள்ள மறுபடி ஓடிப்போய்த் தண்ணீரில் விழுந்தன. எழுபத்தொன்று வரை எண்ணினேன். அப்புறம் இருட்டிவிட்டது.